இணைச்சீருக்கு லாரியில் வந்த அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், மைசூரில் அக்காவோடு வேலை பார்த்த எல்லோருக்கும் வணக்கம். அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அக்காவின் கணவர், எங்கள் மாமா, சொல்லிவிட்டார். ஹனூரில் டிராக்டர் உதிரிபாகம் விற்கிறவனுக்கு எழுத்து எங்கிருந்து வரும் என்று கேட்டுப் பார்த்தேன். "கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் உன்ற அக்காளப் பத்திப் பேசறயல்ல, அதையே எழுதுடா" என்றார். நேரில் 'நீ, வா, போ' என்று பேசிய ஒருவரை அச்சில் 'அவர்' என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மலருக்கு அதுதான் முறையாம்.

அக்கா பிறந்தது ராமாபுரத்தில். எங்களுக்கு நிலம் கொஞ்சம், வேலை நிறைய. நான் சட்டைப் பொத்தான் போடப் பழகுவதற்கு முன்பே அம்மா காலமாகிவிட்டார். அப்பா தங்கமான மனிதர், ஆனால் வாய் திறந்தால் அதட்டல்தான் வரும். அதனால் எனக்குத் தலை சீவி விட்டது, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது, நான் செய்த தப்புகளுக்கு என் முதுகில் நாலு வைத்தது எல்லாமே அக்காதான். கொள்ளேகாலத்தில் பி.யூ.சி. வரை படித்தார். மேலே படிக்க ஆசை இருந்தது. அதற்குள் மைசூரில் இருந்து மாப்பிள்ளை வந்துவிட்டார். அரசுப் பேருந்து நடத்துநர் என்றதும் அப்பாவுக்கு மறுபேச்சு இல்லை.

மைசூருக்குப் போன பிறகு, வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் அக்கா வேலைக்குச் சேர்ந்தார். தைத்து வரும் சட்டைகளில் தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்கும் வேலை. பிறகு சூப்பர்வைசர் ஆனார். தொண்ணூறுகள் பிறந்த சமயத்தில் உதவி மேனேஜர் என்று போட்டார்கள். எங்கள் வம்சத்தில் மேனேஜர் என்று ஒருவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அப்பா அந்தச் செய்தியை ராமாபுரம் டீக்கடையில் 'உதவி'யை விட்டுவிட்டுத்தான் சொன்னார்.

அந்த 'உதவி'யில்தான் எல்லாக் கஷ்டமும் இருந்தது. மேலே ஜி.எம். உட்கார்ந்துகொண்டு சரக்கு எங்கே என்பார். கீழே தையல் மெஷினில் இருக்கும் பெண்கள் பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாருக்குத் திதி, நாத்தனாருக்கு வளைகாப்பு என்று வந்து நிற்பார்கள். வீட்டில் அக்காவின் மகள், என் மருமகள் கவிதா, அம்மா எப்போது வருவாள் என்று ஜன்னலில் உட்கார்ந்திருப்பாள். மாமாவுக்கு ஒரு வாரம் காலை வண்டி, ஒரு வாரம் இரவு வண்டி. காலையில் குக்கர் மூன்று விசில் விடுவதற்குள் அக்கா குளித்து, கவிதாவுக்கு இரட்டை ஜடை போட்டு, சாப்பாடு கட்டி, கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவார். நான் மைசூர் போகும்போதெல்லாம் அந்த ஓட்டத்தைப் பார்த்து, "எதுக்கக்கா இந்தப் பாடு?" என்பேன். "நடுவுல நிக்கறவளுக்கு ரெண்டு பக்கமும் காது வேணும்டா. உனக்கு ஒரு காதே சரியாக் கேக்காது, உனக்கெங்க புரியப் போவுது" என்பார்.

மாலையில் வீட்டு வாசலுக்கு வந்ததும் அக்கா உடனே உள்ளே நுழைய மாட்டார். சேலையில் ஒட்டியிருக்கும் நூல் பிசிறுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் படி ஏறுவார். கம்பெனிக் கோபத்தையும் அங்கேயே பிய்த்துப் போட்டுவிடுவார் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் அது பொய். பாதிக் கோபம் உள்ளே வரும். பாத்திரம் கழுவும் சத்தத்தில் அது தெரியும். மாமா அப்போது வாயைத் திறக்காமல் வெங்காயம் உரிப்பார். அவர்கள் குடும்பம் நடந்த விதம் அதுதான்.

ஒரு விஷயத்தில் அக்கா பிடிவாதக்காரர். வீட்டு விசேஷம் என்று லீவு கேட்கும் பெண்ணுக்கு அவர் இல்லை என்று சொன்னதே கிடையாது. "கல்யாணமும் காதுகுத்தும் ஷிப்மென்ட் பாத்து வராது" என்று ஜி.எம்.மிடமே சொல்லியிருக்கிறார். அப்படிச் சொன்னவருக்குத் தம்பி கல்யாணத்தில் வந்தது சோதனை. அதைத்தான் நான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் அக்கா யார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் அவனுக்கு இணையாக வந்து நிற்க வேண்டும். கூறைப்புடவை வைக்கும் மூங்கில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, அந்தப் புடவையின் ஒரு முனையைத் தன் கையில் பிடித்துக்கொள்வாள். மறு முனை மாப்பிள்ளையின் கக்கத்தில் இருக்கும். நாளைக்கு வேறொருத்தி வந்தாலும் நாம் இரண்டு பேரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் என்பது அதன் பொருள். கூடப் பிறந்தவள் இல்லாதவனுக்குப் பெரியப்பா, சித்தப்பா மகள் நிற்பாள். எனக்கு அம்மாவும் அக்காவும் ஒருவரேதான். அந்த இடத்தில் வேறு யாரையும் நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று சாமராஜநகரில் மண்டபம் பிடித்திருந்தார்கள். அந்த வருடம் ஆயுத பூஜை ஐப்பசியில் வந்தது. விஜயதசமி முடிந்த கையோடு வந்த முகூர்த்தத்தில் என் கல்யாணம்.

மைசூரில் தசரா எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொழிற்சாலையில் வழக்கமாக முன் ஆபீஸில் மட்டும் பெரிய பூஜை போட்டு, பூசணிக்காய் உடைத்து முடித்துவிடுவார்கள். "நமக்குச் சோறு போடறது இந்த மெஷினு மேடம், அதுக்கு ஒரு பொட்டு வெக்கக் கூடாதா?" என்று பெண்கள் அந்த வருடம் கேட்டார்கள். ஜி.எம். வேண்டாம் என்றுதான் சொன்னார். வெள்ளைச் சட்டை ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. தயாரான சரக்கையெல்லாம் போர்த்தி வைக்கிறோம், நான் பொறுப்பு என்று சொல்லி அக்காதான் சம்மதம் வாங்கினார். போர்த்தியும் வைத்தார்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், செவ்வந்திப் பூ. பூஜை ஜோராக நடந்தது. ஆனால் பக்தி மிகுந்துபோன சில பெண்கள் சட்டை அடுக்கிக் கொண்டுபோகும் டிராலிகளுக்கும் சேர்த்துக் குழைத்த குங்குமத்தை அப்பிவிட்டார்கள். விடுமுறை முடிந்து வந்ததும் மெஷின்களைத் துடைத்தார்கள். டிராலிகளை மறந்துவிட்டார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம். மண்டபத்தில் எனக்கு நலங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். மாமாவும் கவிதாவும் முன்பே வந்துவிட்டார்கள். அக்கா மட்டும் சாயங்கால பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. மண்டப ஆபீஸுக்குப் போன் வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். முகமெல்லாம் மஞ்சளோடு போய் எடுத்தேன்.

"டேய் சாமி, சட்டையெல்லாம் குங்குமம்டா" என்றார் அக்கா.

"எந்தச் சட்டை?"

"வெளிநாடு போற சட்டை. பெட்டியெல்லாம் கட்டியாச்சு. சரக்கச் சோதிக்க வந்தவரு ஒரு பெட்டியப் பிரிச்சாரு, அடியில செவசெவன்னு இருக்குது. இப்ப எல்லாப் பெட்டியையும் பிரிக்கணும், கறை எடுக்கணும், தேச்சு மடிச்சு மறுபடி கட்டணும். நாளைக்குக் காலையில லாரி கிளம்பியாகணும்."

"உன்ற கம்பெனியில வேற ஆளே கிடையாதா? நாளைக்கு எனக்குக் கல்யாணம்!"

"தெரியும்டா. ஜி.எம். குங்குமம் வெச்சவங்க பேரைக் கேக்கறாரு. பேர் சொன்னா இன்னைக்கே வெளிய அனுப்பிருவாரு. பூஜை போடச் சொன்னது நான், என்ற பேரை எழுதிக்குங்கன்னு சொல்லிப்போட்டேன். இப்ப நான் பையத் தூக்கிட்டுக் கிளம்பினா அந்தப் புள்ளைங்க கதி என்னாகும்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் புள்ளைங்க கதி எப்படிப் போனால் எனக்கென்ன என்று கத்தினேன். தொழிற்சாலைச் சத்தத்துக்கு மேல் அக்கா குரலை உயர்த்தினார். "இணைச்சீருக்கு வேற யாரையும் நிக்க வெக்காதே. நான் வந்தர்றேன்" என்றார்.

"எப்ப வருவே?"

"வந்தர்றேன்னு சொன்னா வருவேன்டா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

விடிந்தது. மைசூரில் இருந்து முதல் பஸ் வந்தது, அக்கா வரவில்லை. அடுத்த பஸ்ஸும் வந்தது. மாமா சாலைக்கும் மண்டபத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். சீர் செய்யும் அருமைக்காரர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். பெரியப்பா மகள் பட்டுடுத்தி, ஆரம் போட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று தயாராக நின்றிருந்தாள். அவள் பாவம், அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

"எந்திரிச்சு வாடா, நேரமாச்சு" என்றார் அப்பா.

"அக்கா வரட்டும்."

"அவ கம்பெனியக் கட்டிட்டு அழுவறா. வர மாட்டா. பெரியப்பன் புள்ள நின்னா சீர் ஆகாதா?"

"ஆகாதுங்கப்பா" என்றேன். அப்பாவை எதிர்த்து நான் பேசியது அதுதான் முதல் முறை. அப்பா கையை ஓங்கிவிட்டார். மாலையும் கழுத்துமாக இருந்தவனை அடிக்கக்கூடாது என்று யாரோ தடுத்தார்கள். பெண் வீட்டார் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. முகூர்த்தம் தவறிவிட்டால் அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வேன் என்று எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் அசையவில்லை.

அப்போதுதான் வாசலில் ஏர் ஹாரன் பலமாகக் கேட்டது. மண்டபத்தின் வாழை மரங்களை இடிக்காத குறையாக ஒரு லாரி வந்து நின்றது. தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிய லாரி. டிரைவர் பக்கத்து இருக்கையில் இருந்து அக்கா இறங்கினார். கசங்கிய நூல் சேலை, கலைந்த தலை, கையில் சரக்கு பில் வைத்த ஒரு காகித உறை. கவிதா "அம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடினாள்.

நடந்தது இதுதான். பெண்கள் யாரும் வீட்டுக்குப் போகாமல் சேர்ந்து வேலையை முடித்திருக்கிறார்கள். கிளம்பும் நேரத்தில் இன்னொரு சிக்கல் வந்தது. பெட்டிகளைப் பிரித்து மறுபடி கட்டியதால் பில்லெல்லாம் மாற்றி எழுத வேண்டியதாயிற்று. மாநில எல்லைச் சோதனைச் சாவடியில் யாராவது பொறுப்பான ஆள் நேரில் போய்ப் பேசினால்தான் லாரியை விடுவார்கள். வழக்கமாகப் போகும் குமாஸ்தாவுக்கு மனைவியின் வளைகாப்புக்காக லீவு கொடுத்திருந்தது வேறு யார்? அக்காதான்! ஜி.எம். தலையில் கை வைத்துக்கொண்டிருந்தாராம். தூத்துக்குடி போகும் லாரி சாமராஜநகர் வழியாகத்தானே போகும் என்பது அக்காவுக்கு அப்போது உறைத்திருக்கிறது. "சார், சாவடி வரைக்கும் நானே போறேன். வழியில ஒரு எடத்துல கொஞ்ச நேரம் நிறுத்துவேன். அந்தப் பொண்ணுங்க மேல கை வெக்கக் கூடாது" என்று கேட்டு, வாய் வார்த்தையாகச் சம்மதம் வாங்கிக்கொண்டு ஏறிவிட்டார். தயங்கி நின்றவரை லாரியில் ஏற்றிவிட்டது ரத்னம்மா என்ற மூத்த தையற்காரர். "நீங்க ஹோகி மேடம், இங்க நாங்க நோடிக்கறோம்" என்று, போங்கள், இங்கே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதைக் கன்னடம் கலந்த மைசூர்த் தமிழில் சொல்லித் தைரியம் கொடுத்திருக்கிறார்.

"நூல் சேலையோடவா நிக்கப் போறா?" என்று ஒரு கிழவி கேட்டார். பெரியப்பா மகள்தான் அதற்கு விடை சொன்னாள். தன் கழுத்தில் இருந்த ஆரத்தைக் கழற்றி அக்காவுக்குப் போட்டாள். தனக்கு மாற்றுக்கு வைத்திருந்த பட்டுச் சேலையைக் கொண்டுவந்து, சமையல்கட்டுப் பக்கம் கூட்டிப்போய் நொடியில் உடுத்திவிட்டாள். அக்கா கூடையைத் தலையில் தாங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். கறை எடுத்த மருந்தில் அவருடைய விரல்கள் ஊறித் தோல் சுருங்கியிருந்தன. காதோரத்து முடியில் ஒரு வெள்ளை நூல் ஒட்டியிருந்தது. நான் அதை எடுத்துப் போட்டேன்.

"அடிச்சாராடா?" என்று உதடு அசையாமல் கேட்டார்.

"ஓங்கினாரு."

"சரி விடு. புடவைய இறுக்கிப் புடி. விட்டுப்போடாதே."

இறுக்கித்தான் பிடித்தேன். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். அக்காவுக்கும் வந்தது, அவர் அடக்கவில்லை. சீர் நல்லபடியாக முடிந்தது. நான் மணவறையில் போய் உட்கார்ந்தபோது லாரி மறுபடி ஒலித்தது. மாலைக்குள் சரக்கு எல்லையைத் தாண்ட வேண்டும். அக்கா ஆரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பட்டுச் சேலையோடேயே லாரியில் ஏறிப் போனார். நான் தாலி கட்டியதை அவர் பார்க்கவில்லை.

இதை நான் மறைத்து எழுத விரும்பவில்லை. வேலையையும் குடும்பத்தையும் ஒரு குறையும் இல்லாமல் நடத்தினார் என்று மலர்களில் எழுதுவார்கள். குறை இருந்தது. கல்யாண ஆல்பத்தைப் புரட்டும்போதெல்லாம் தாலி கட்டும் படத்தில் அக்காவின் கை நின்றுவிடும். "இந்நேரம் நான் சாவடியில உக்காந்திருந்தேன்" என்பார். அந்த நிமிஷம் எப்படி நடந்தது என்று என் மனைவியைச் சொல்லச் சொல்லிக் கேட்பார். கவிதாவின் பள்ளி நாடகம் ஒன்றும் அப்படித்தான் போயிற்று. பின்னாளில் பெங்களூரில் முழு மேனேஜர் பதவி கொடுத்தார்கள். கவிதா எஸ்.எஸ்.எல்.சி. எழுதும் வருடம் என்று அதை விட்டார். அதற்காகவும் வருத்தப்பட்டார். தியாகம் என்று நாங்கள் சொன்னால் கோபம் வரும். "ரெண்டுல ஒண்ணு ஒவ்வொரு தடவையும் தோக்கும்டா. ஒரே பக்கமா தோக்காமப் பாத்துக்கணும், அவ்வளவுதான்" என்பார். இத்தனை வருடம் கடை நடத்துகிறேன், இதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அன்று மாலை பஸ் பிடித்து அக்கா மண்டபத்துக்குத் திரும்பினார். பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சமையல்கட்டுப் படியில் உட்கார்ந்து ஆறிப்போன சாதத்தைச் சாப்பிட்டார். சாப்பிட்டபடியே தூங்கிவிட்டார். அதட்டிக்கொண்டே வந்த அப்பா அதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, எச்சில் இலையைத் தானே எடுத்துப் போட்டார். அப்பா ஒரு பெண்பிள்ளையின் இலையை எடுத்ததை நாங்கள் அன்றுதான் பார்த்தோம்.

ஜி.எம். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். யாருக்கும் வேலை போகவில்லை. ஆனால் மறு வருடம் மெஷின்களுக்குப் பூ மட்டும்தான், குங்குமம் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "மெஷினுக்கு வெக்கக் கூடாதுன்னா உங்களுக்கு வெக்கறோம் மேடம்" என்று ரத்னம்மா அக்காவின் நெற்றியில் பெரிய பொட்டாக வைத்துவிட்டாராம். வீட்டுக்கு வரும்வரை அதை அழிக்கவில்லை என்று மாமா சொல்வார்.

அக்காவுக்கு நோய் வந்ததும் மைசூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக மாதங்கள் ஓடின. முடிந்த நாட்களில் வேலைக்கும் போனார். முடியாத நாட்களில் பெண்கள் வீட்டுக்கு வந்து, தையல் லைனில் நடந்த சண்டைகளைச் சொல்லித் தீர்ப்பு வாங்கிப் போனார்கள். கவிதா கல்லூரியில் சேர்ந்ததைப் பார்த்துவிட்டார். அதுவரை ஆண்டவன் வைத்திருந்தான்.

அக்கா போன செய்தி ஹனூருக்குக் காலையில் வந்தது. அப்போது நல்ல மழை. கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை வந்து மேலே விழுந்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்பது நம் முறை. அப்பாவும் இப்போது இல்லை. கோடி கொண்டுபோக நான் ஒருவன்தான். புடவையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கொள்ளேகாலம் வருவதற்கு முன்னால் பெரிய மரம் ஒன்று சாலையில் சாய்ந்து கிடந்தது. கைபேசியெல்லாம் எங்கள் பக்கம் இன்னும் வந்து சேரவில்லை. பக்கத்து ஊரில் ஒரு போன் பூத் பிடித்து மாமாவின் பக்கத்து வீட்டுக்குச் சொன்னேன். "வந்தர்றேன்னு சொல்லுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மரத்தைத் தாண்டி நடந்து, என் கடைக்கு வரும் ஒரு விவசாயியின் டிராக்டரில் தொற்றிக்கொண்டு, வேறு பஸ் மாறி மைசூர் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாயப் போயிற்று.

நான் வருவதற்குள் அங்கே நடந்ததை மாமா பிறகு சொன்னார். இருட்டுவதற்குள் எடுத்துவிடலாம், பிறந்த வீட்டுக் கோடியைப் பங்காளி யாராவது போட்டால் போதும் என்று பெரியவர்கள் சிலர் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. ரத்னம்மா எழுந்து அக்காவின் தலைமாட்டில் போய் நின்றாராம். "தம்ம பரலி" என்றாராம். தம்பி வரட்டும் என்று கன்னடத்தில் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு, தெருவில் மழையில் நின்றிருந்த தொழிற்சாலைப் பெண்கள் எல்லோரும் ஆமாம் என்றார்களாம். மாமாவும், "அவன் வந்தர்றேன்னு சொல்லியிருக்கறான். வருவான்" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம்.

நான் நனைந்தபடி உள்ளே போனேன். யாரும் ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. புடவையைப் பிரித்து ஒரு முனையை அக்காவின் மேல் போர்த்தினேன். மறு முனை என் கையில் இருந்தது. விட்டுப்போடாதே என்று அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியவில்லை. கவிதா வந்து என் விரல்களைப் பிரித்து விட்டாள்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும், சமைத்துப் போட்ட பக்கத்து வீட்டாருக்கும், சாமராஜநகரில் இருந்தும் ராமாபுரத்தில் இருந்தும் மழையில் வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என் கல்யாணத்தில் அக்காவுக்காக நான் காத்திருந்தேன் என்று இத்தனை வருடம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். கடைசியில் எனக்காகக் காத்திருந்தது அக்கா. அவர் தனியாகக் காத்திருக்கவில்லை. அன்று மழையில் நின்று, என் அக்காவை நான் வரும்வரை அனுப்பாமல் வைத்திருந்த அந்தப் பெண்கள் ஒவ்வொருவருக்கும், அவருடைய பிறந்த வீட்டின் சார்பில் தம்பி நான் கும்பிட்டு நன்றி சொல்கிறேன்.